பத்திரத்தில் பெயர் இல்லாத பங்காளி

மூவாயிரம் டாலர் நோட்டுக்களை எடுத்துத் தரையில் விட்டெறிந்தான் அந்த மனிதன். அந்தப் பணத்தையும், 1966-ஆம் வருஷத்து வோக்ஸ்வாகன் கார் ஒன்றையும், நாற்பது தேன் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடும்படி சொன்னான். பெட்டிகளுக்குள் தேனீக்கள் இருந்தன. அந்த மட்டும் தாராள மனசுதான்!

கானடா தேசத்தில் 1972-ஆம் வருஷம் நடந்த சம்பவம் இது. விட்டெறிந்தவன் பெயர் லோதர் பெட்கஸ். எதிரே நின்றவள் ரோஸா பெக்கர். இருவரும் 1954-இல் மத்திய ஐரோப்பாவிலிருந்து தனித்தனியே கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள். வந்து இறங்கியபோது அவன் சட்டைப் பையில் இருந்தது பதினேழே டாலர். மறு வருஷம் மான்ட்ரியால் நகரத்தில் சந்தித்து, ஒரே வீட்டில் குடித்தனம் ஆரம்பித்தார்கள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ரோஸா அந்தப் பேச்சை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் பழகிய பிறகு பார்க்கலாம்" என்ற ரீதியில் பதில் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. ஆனால் சில வருஷங்களில் வெளியாரிடம் அவளைத் தன் மனைவி என்று அறிமுகப்படுத்தத் தொடங்கினான். வருமான வரிக் கணக்கிலும் மனைவி என்றே காட்டினான்.

முதல் ஐந்து வருஷம் வீட்டு வாடகை ரோஸாவின் சம்பளத்திலிருந்து போயிற்று. சாப்பாடு, துணிமணி எல்லாம் அவள் பொறுப்பு. அவனுடைய சம்பளம் முழுதும் அவன் பேரில் பாங்கியில் சேர்ந்தது. 1960-க்குள் 12,000 டாலர் சேர்ந்துவிட்டது. அந்தப் பணத்தில் 1961-இல் ஒரு பண்ணையை 5,000 டாலருக்கு வாங்கினார்கள். பத்திரம் யார் பேரில்? அவன் பேரில்தான். தேனீ வளர்க்கும் தொழில் செழித்தது. மேலும் நிலம் வாங்கினார்கள். அதுவும் அவன் பேரில். பண்ணையில் இருவரும் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள்.

1972-இல் வெளியேறிய ரோஸா சில மாதங்களில் திரும்பி வந்தாள். 1974-இல் மறுபடியும் பிரிவு. இந்தத் தடவை அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

முதல் கோர்ட்டு என்ன கொடுத்தது தெரியுமா? 1,500 டாலரும் நாற்பது தேன் பெட்டிகளும். தேனீக்கள் இல்லாத வெறும் பெட்டிகள்! அவள் குடும்பச் செலவுக்குக் கொடுத்ததெல்லாம், தன்னைவிட இளையவனான அவனைக் கல்யாண வலையில் வீழ்த்தப் போட்ட முதல் என்று அந்த நீதிபதி எழுதினார். இப்படியும் ஒரு பேனா எழுதுமா என்று நமக்குத் தோன்றுகிறது. மேல் கோர்ட்டுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒன்டாரியோ அப்பீல் கோர்ட்டில் பெர்த்தா வில்ஸன் என்ற பெண் நீதிபதி (பிற்பாடு 1982-இல் கானடா சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியானவர்) நிலத்திலும் தொழிலிலும் ரோஸாவுக்குச் சரிபாதி என்று தீர்ப்பளித்தார். 1980 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது.

பத்திரத்தில் பெயரே இல்லாதவளுக்குப் பாதிச் சொத்து எப்படிக் கிடைத்தது? அதற்கு ஆங்கிலச் சட்டத்தில் 'ஈக்விட்டி' என்று ஒரு பகுதி இருக்கிறது. சட்டத்தின் எழுத்து ஒருவனுக்கு அநீதியாக முடியும்போது, மனச்சாட்சியின் பக்கம் நின்று பார்க்கும் நியாயம் அது. நமக்குப் புரியாத சங்கதி அல்ல. கோயில் தர்மகர்த்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகைப் பணம் அவர் கையில் வருகிறது. சாவிக்கொத்து அவர் மடியில் இருக்கிறது. அதனால் கோயில் நிலம் அவருடையதாகிவிடுமா? இன்னொருவருக்காக அவர் வைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பெட்கஸையும் அப்படியொரு தர்மகர்த்தாவாகக் கோர்ட்டு ஆக்கிவிட்டது. ரோஸாவின் பாதியை அவன் அவளுக்காகவே வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள்.

இதற்குக் கோர்ட்டு கேட்டவை மூன்று கேள்விகள். ஒருவர் லாபம் அடைந்திருக்கிறாரா? அதற்கு ஈடாக மற்றவருக்கு நஷ்டம் உண்டா? அந்த லாபத்தை முன்னவரே வைத்துக்கொள்ளச் சட்டப்படி காரணம் ஏதாவது இருக்கிறதா? தீர்ப்பைப் படித்தால் வாரச் சம்பளம் எவ்வளவு, வாடகை கொடுத்தது யார், பாங்கியில் எந்த வருஷம் எவ்வளவு இருந்தது என்று புள்ளி புள்ளியாக வருகிறது. நியாயம் ரோஸாவின் பக்கம் இருந்தது மட்டும் போதவில்லை, கணக்கும் இருந்தது.

அதே சுப்ரீம் கோர்ட்டு ஏழு வருஷத்துக்கு முன்னால், 1973-இல், முறையாகத் தாலி கட்டிய மனைவி ஒருத்தியை (தாலி நம் ஊர் வழக்கில் சொன்னேன்) வெறும் கையோடு அனுப்பியிருந்தது. ஐரின் மர்டாக் என்பது அவள் பெயர். ஆல்பெர்ட்டா மாகாணத்தில் மாட்டுப் பண்ணை. கணவன் வருஷத்தில் ஐந்து மாதம் வேறு வேலைக்காக வெளியே போய்விடுவான். அப்போது வைக்கோல் வாருவது, டிராக்டர் ஓட்டுவது, குதிரையைப் பழக்குவது, மாட்டுக்கு ஊசி போட்டுச் சூடு வைப்பது எல்லாம் அவள்தான். பண்ணைக்காரன் மனைவி என்றால் வழக்கமாகச் செய்கிற வேலைதானே இது என்று கேட்டது கீழ்க் கோர்ட்டு. நான்கு நீதிபதிகள் அதை ஏற்றார்கள். போரா லாஸ்கின் என்ற ஒரே ஒரு நீதிபதி மாறுபட்டார். நாடெங்கும் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பின் விளைவாக 1970-களின் கடைசியில் மாகாணம் மாகாணமாகக் குடும்பச் சொத்துச் சட்டங்கள் மாறின.

'வழக்கமாகச் செய்கிற வேலைதானே?' இந்த வார்த்தையை நம் வீடுகளில் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

இந்தியாவில் நிலைமை என்ன? கல்யாணம் முறிந்தால் கணவன் மனைவி சம்பாத்தியத்தை இரண்டாகப் பங்கிடு என்று சொல்லும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. கோவா மட்டும் விலக்கு. போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் அங்கே இன்னும் இருப்பதால், வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிகளுக்குச் சொத்து பொதுவானது. தமிழர்களிடத்தில் இப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை டச்சுக்காரர்கள் 1707-இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள். அதில் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடிய தேட்டம். கல்யாணத்துக்குப் பின் தேடிச் சேர்த்ததுதான் தேடிய தேட்டம். பழைய வழமையில் அது இருவருக்கும் பொது. பின்னால் வந்த சட்டங்கள் அந்த ஏற்பாட்டை மாற்றின என்றாலும், 'தேடிய தேட்டம்' என்ற சொல்லில் இருக்கும் நியாயம் மனசைத் தொடுகிறது.

அந்த நியாயத்தின் குரல் 2023 ஜூன் மாதம் சென்னை ஹைகோர்ட்டில் கேட்டது. கணவர் பல வருஷம் சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் இருந்து குழந்தைகளை வளர்த்தார். சொத்துக்கள் வாங்கினார்கள். கணவர் திரும்பி வந்த பிறகு தகராறு முளைத்து, மனைவி பேரிலேயே வழக்குத் தொடுத்தார். வருஷக்கணக்கில் நடந்த வழக்கு. கணவர் காலமாகி, பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னதன் சாரம் இது: சமையற்காரர், நிர்வாகி, வீட்டு வைத்தியர், கணக்கர் எல்லாமாக ஒரு பெண் விடுமுறை இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் கணவன் வெளியே சம்பாதிக்க முடிகிறது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து யார் பேரில் இருந்தாலும் அதில் அவள் உழைப்பும் அடக்கம். முக்கியமான சொத்துக்களில் மனைவிக்குச் சரிபாதி என்று தீர்ப்பாயிற்று. இப்படிப் பங்கு கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொடுக்காதே என்று தடுக்கவும் இல்லை என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

சந்தோஷமான செய்தி. ஆனாலும் இது ஒரு நீதிபதி ஒரு வழக்கில் அளித்த தீர்ப்பு. பார்லிமெண்டில் நிறைவேறிய சட்டம் அல்ல. இதைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் எல்லோருக்கும் பாதி கிடைத்துவிடும் என்று நம்புவது ஆபத்து. எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் கேட்கப் போவது, "அம்மா, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள், அதற்கு என்ன அத்தாட்சி?" என்றுதான்.

ஆகவே தயாரிப்புக்கு வருவோம். பிரிவு என்று வந்துவிட்ட பெண்ணிடம் மூன்று வேறு வேறு கோரிக்கைகள் இருக்கக்கூடும். அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுவதால் கெட்டுப்போகிற வழக்குகள் உண்டு. தன்னுடைய பொருளைத் திருப்பிக் கேட்பது ஒன்று. சேர்ந்து தேடிய சொத்தில் பங்கு கேட்பது மற்றொன்று. பிழைப்புக்கு ஜீவனாம்சம் கேட்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, அத்தாட்சி வேறு.

தன்னுடைய பொருள் என்றால் ஸ்திரீதனம். பிறந்த வீட்டில் போட்ட நகை, பாத்திரம், பரிசாக வந்த பணம் எல்லாம் மனைவிக்கே சொந்தம். கணவன் வீட்டார் அவற்றை வாங்கிப் பூட்டி வைத்திருந்தால் அவளுக்காக வைத்திருக்கிறார்கள் என்றே அர்த்தம், திருப்பிக் கொடுக்க மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று 1985-இலேயே நம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மறுபடியும் தர்மகர்த்தா கதைதான். ஆனால் எத்தனை பவுன் என்று கேட்டால்?

"நாற்பது பவுன் இருக்கும் ஸார்."

"இருக்கும் என்றால் எப்படி அம்மா? ரசீது?"

"அப்பாதான் வாங்கினார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு..."

இந்தச் சம்பாஷணை நடக்காத வக்கீல் ஆபீஸ் இராது. இதைத் தவிர்க்க ஒரு விதி 1985 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கல்யாணத்தின்போது மணமகளுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு ஜாபிதா, மணமகனுக்கு வந்தவற்றுக்கு ஒரு ஜாபிதா எழுத வேண்டும். பொருள் என்ன, சுமார் விலை என்ன, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று குறித்து, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். மொய் எழுத மட்டும் நோட்டுப் புத்தகமும் இரண்டு ஆட்களும் தயாராக வைக்கிற நாம், இந்த ஜாபிதாவை எழுதுவதில்லை. 'சம்பந்தி வீட்டார் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்' என்ற பயம். எழுதாமல் போனவர்கள் கல்யாண போட்டோக்களையும், நகைக்கடை ரசீதுகளையும், லாக்கர் விவரத்தையும் தேடி எடுக்கவேண்டியதுதான். கழுத்தில் கிடக்கிற அட்டிகையைப் போட்டோ காட்டும். எத்தனை பவுன் என்று காட்டாது. அதற்கு ரசீதுதான் பேசும்.

இரண்டாவது, சொத்தில் பங்கு. இங்கேதான் தேதிகளின் மகிமை. மனைவியின் வளையல்களை விற்றோ அடகு வைத்தோ மனை வாங்கியிருக்கிறது; பத்திரம் கணவன் பேரில் என்று வைத்துக்கொள்வோம். அடகு வைத்த சீட்டில் ஒரு தேதி இருக்கும். பாங்கிக் கணக்கில் பணம் ஏறிய தேதி ஒன்று. பத்திரம் பதிவான தேதி ஒன்று. அது இவளிடம் இல்லாவிட்டாலும் சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சர்ட்டிபிகேட் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று தேதிகளும் ஒரே வாரத்தில் வந்து நின்றால், அதற்கு மேல் வாய்ச் சாட்சி அதிகம் வேண்டியிராது. மூன்றும் வெவ்வேறு வருஷத்தில் நின்றால் எவ்வளவு அழுதாலும் பிரயோசனம் குறைவு.

பணம் போடாமல் உழைப்பு மட்டும் போட்டவர்கள்? அவர்களும் எழுதவேண்டும், வருஷவாரியாக. இந்த வருஷம் வேலையை விட்டேன், சம்பளம் இவ்வளவு. இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை மாமியார் படுக்கையில் இருந்தார், பார்த்துக்கொண்டது நான். கடையில் காலை ஆறு மணியிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தேன். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் கட்டடம் கட்டிய மேஸ்திரிக்குக் கூலி கொடுத்தது என் கை. இப்படி எழுதும்போது, வசை வேண்டாம். 'கொடுமைக்காரர்' என்று பத்து இடத்தில் எழுதுவதைவிட 'மாதம் மூவாயிரம் சீட்டுக் கட்டினேன்' என்று ஓரிடத்தில் எழுதுவது கனமானது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல் வந்தபோது, சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகளைக் கொஞ்சம் தளர்த்தி, வழக்குத் தீர உதவும் என்று நீதிபதி கருதும் எந்தக் காகிதத்தையும் பார்க்கலாம் என்று வைத்தார்கள். ஆகவே சமையலறை அலமாரியில் கிடக்கும் பால் கணக்கு நோட்டைக்கூடத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது ஜீவனாம்சம். கணவனின் வருமானம் நன்றாகத் தெரிந்தவள் எத்தனை பேர்? "என் கையில் ஒன்றும் இல்லை" என்று அவன் சத்தியம் செய்வான். "எனக்கு மாதம் லட்சம் வேண்டும்" என்று இவள் கேட்பாள். நடுவே நீதிபதி குத்துமதிப்பாக ஒரு தொகை போடுவார். இந்த லாட்டரியை நிறுத்த, 2020 நவம்பர் 4-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பளித்தது. ஜீவனாம்ச வழக்கு என்றால் இரு தரப்பாரும் சொத்து, வரவு, கடன் எல்லாவற்றையும் ஓர் அபிடவிட்டில் பிரமாணமாகச் சொல்லியாக வேண்டும். அதன் மாதிரிப் படிவத்தையும் தீர்ப்போடு சேர்த்திருக்கிறார்கள். மாத வாடகை, மருந்துச் செலவு, குழந்தைகளின் படிப்புச் செலவு, இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு என்று பல பக்கம் போகிறது. எதிர்த் தரப்பின் சொத்துபற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லவும் அதில் இடம் உண்டு. பொய் சொன்னால் தனி நடவடிக்கை.

இந்தப் படிவத்தில் பெண்கள் சறுக்குகிற இடம் ஒன்று. வீட்டிலே தையல் தைத்தோ டியூஷன் சொல்லிக்கொடுத்தோ வரும் பணத்தை மறைத்துவிடத் தோன்றும். மறைக்கக் கூடாது. சம்பாதிக்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. அந்த வருமானம் அவளுக்குப் போதுமா என்றுதான் பார்க்கிறது. எட்டாயிரத்தைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிராது. எட்டாயிரத்தை மறைத்தது வெளிப்பட்டால், அவள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். நியாயம் கேட்டு வருகிறவர் சுத்தமான கையோடு வரவேண்டும் என்பது ஈக்விட்டியின் பழைய விதி. (ஆண் வாசகர்கள் கோபிக்க வேண்டாம். ஹிந்து விவாகச் சட்டத்தின்படி, வருமானம் இல்லாத கணவனும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். விதி அவருக்கும் அதேதான்.)

அதே தீர்ப்பில் இன்னொரு முக்கியமான சங்கதி: ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும், தை பிறக்கட்டும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தால் அந்த இரண்டு வருஷம் போனதுதான். பேச்சு ஒரு பக்கம் நடக்கலாம்; குடும்பக் கோர்ட்டே முதலில் சமரசத்துக்குத்தான் முயலும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம்? 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவச வக்கீல் உண்டு. ஜில்லாக் கோர்ட்டுக் கட்டடத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கும்; 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரோஸா பெக்கரை நடுவழியில் விட்டுவிட்டோம் அல்லவா? சுப்ரீம் கோர்ட்டில் ஜயித்தாளே, அந்தப் பாதிச் சொத்து அவள் கைக்கு வந்ததா? வரவில்லை. பெட்கஸ் இழுத்தடித்தான். தீர்ப்பை நிறைவேற்ற மேலும் மேலும் வழக்காட வேண்டியிருந்தது. வருஷங்கள் கழித்து நிலத்தை விற்று வந்த பணம் வக்கீல் பீஸுக்கே போயிற்று. சட்டப் புத்தகங்களிலெல்லாம் பெயர் ஏறிய அந்தப் பெண் 1986 நவம்பரில் மனமுடைந்து தன் உயிரைப் போக்கிக்கொண்டாள்.

ஆகவே வசூல் எப்படி என்பதையும் மனு எழுதும்போதே யோசித்துவிட வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் சொத்தை விற்கக் கூடாது என்று தடை உத்தரவு கேட்கலாம். கேட்காமல் அது வராது. கணவருக்கு நிலையான உத்தியோகம் என்றால், ஆபீஸ் பெயரும் சம்பளக் கணக்கு இருக்கும் பாங்கியும் மனுவிலேயே இருக்கட்டும். ஜீவனாம்சம் மாதா மாதம் பாங்கிக் கணக்குக்கு வரும்படி உத்தரவு வாங்கினால், வந்ததா வரவில்லையா என்ற வாதமே எழாது. பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாகிவிட்டது. எண் மாறினாலும் பழைய நிபந்தனை ஒன்று மாறவில்லை. அந்தப் பிரிவின்படி கிடைத்த ஜீவனாம்சத்தில் ஒரு மாதத்துத் தொகை நின்றுபோனால், அது சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட்டாக வேண்டும். வருஷம் தாண்டிய பாக்கிக்கு அந்த வழியில் வாரண்டு கிடைக்காது. காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.